ரேவதி விடைத்தாளில் எழுதிய இரண்டு வரி

திருப்பதியில் ஒரு கார்ப்பரேட் பள்ளியில் பதினான்கு வருடம் கணக்கு எடுத்தேன். பிறகு புத்தூர் பக்கம் ஒரு மாற்றுப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கே ஏழாம் வகுப்புவரை பரீட்சையும் இல்லை, ரேங்கும் இல்லை. முதல் நாள் ஹெட்மாஸ்டர் சொன்னது ஒன்றுதான். "பிள்ளைங்க தானா கேக்கிறவரைக்கும் எதையும் திணிக்காதீங்க மேடம்."

முழுமையான கல்வியின் நோக்கம் என்ன என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் பேச்சு வந்தால் ஆளுக்கொன்று சொல்வோம். சயின்ஸ் எடுக்கும் சுதாகர் சாருக்குப் பிள்ளைகள் பயமில்லாமல் உண்மை பேச வேண்டும். பிள்ளைகளுக்குக் கைவேலை தெரிய வேண்டும் என்பார் தெலுங்கு டீச்சர். வெளியே போனால் தடுமாறக் கூடாது என்பேன் நான். "அது உங்க பழைய ஸ்கூல் பயம்" என்று சிரிப்பார்கள். அப்படித்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

நான்காவது வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, ஏழாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் ரேவதியின் அப்பா முருகேசன் வந்தார். நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். மகளை எட்டாம் வகுப்புக்குத் திருப்பதியில் ஒரு பள்ளியில் சேர்க்க என்ட்ரன்ஸ் எழுத வைத்திருக்கிறார். அவர்கள் கொடுத்தனுப்பிய விடைத்தாளை மேசைமேல் வைத்தார். பின்னக் கணக்குகள் எல்லாம் காலி. கீழே முத்து முத்தான தெலுங்கு எழுத்தில் எழுதியிருந்தாள்: 'இந்தக் கணக்குகள் எனக்குத் தெரியாது. சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வேன்.'

"இத்தப் படிச்சி அங்க எல்லாரும் சிரிச்சாங்க டீச்சர். இத்தினி வருசமா இங்க இன்னாதான் படிச்சிக்கினு இருந்திச்சி எம் பொண்ணு?"

பக்கத்தில் நின்ற சுதாகர் சாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "தெரியாததைத் தெரியாதுன்னு எழுதியிருக்கா பாருங்க. இதுக்குத்தான் சார் இந்த ஸ்கூலே!"

"தெரியாதுன்னு எய்தறதுக்கா சார் தெனம் பஸ் ஏத்தி அனுப்பினேன்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த வரிகளைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. மேலே இருந்த காலி இடத்தைப் பார்த்து வெட்கமாகவும் இருந்தது. எதைச் சொல்வது?

"அந்தக் கணக்கை நான் நடத்தல. தப்பு என்னோடதுதான்" என்றேன். சுதாகர் சாருக்கு என்மேல் கோபம். முருகேசனுக்கு மட்டும் குரல் இறங்கியது.

"அடுத்த மாசம் இன்னொரு தபா எய்தலாமாம். அதுக்குள்ள சொல்லிக் குடுங்க டீச்சர்."

அன்று மாலையே ரேவதியுடன் உட்கார்ந்தேன். முதல் கணக்கு புரிந்ததும் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ஈஸியாத்தான் கீது. இத்த ஏன் டீச்சர் முன்னாடியே சொல்லித் தரல?"

"நீயா கேப்பேன்னு காத்துக்கினு இருந்தேம்மா."

"இப்டி ஒண்ணு கீதுன்னே எனக்குத் தெரியாதே. தெரியாதத எப்டி டீச்சர் கேக்கறது?"

அவள் குறை சொல்லவில்லை, சந்தேகம்தான் கேட்டாள். அடுத்த கணக்கை எழுதி அவள் பக்கம் நகர்த்தினேன்.

மூன்று வாரத்தில் பின்னம் முழுவதும் முடித்தாள். இரண்டாவது முறை தேறி அந்தத் திருப்பதிப் பள்ளியிலேயே சேர்ந்தாள். கேட்கிற தைரியத்தை இந்தப் பள்ளி கொடுத்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டாள் என்பார் சுதாகர் சார். முன்பே நடத்தியிருந்தால் அந்த அப்பா தலைகுனிந்து நின்றிருக்க மாட்டார் என்பேன் நான். யார் சொல்வது சரி என்று எனக்கு இன்றும் குழப்பம்தான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பிள்ளை கேட்கும்வரை காத்திருங்கள், நல்லதுதான். ஆனால் கேட்பதற்கு என்னென்ன இருக்கிறது என்று முதலில் காட்டிவிட்டுக் காத்திருங்கள்.