உப்புத் தண்ணீரில் விளக்கேற்றிய ஸ்டெல்லா அத்தை

தலைமையாசிரியர் கூப்பிடுகிறார் என்றதும், மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். போகும் வழியிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டேன். அவரோ எழுந்து வந்து தோளைத் தொட்டு, அத்தை நெஞ்சுவலியில் தவறிவிட்டார் என்றார். என் பொய் தேவைப்படவில்லை. அவர் சொன்னதாவது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா.

அப்பாவின் அக்கா ஸ்டெல்லா, கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் செம்பு, துத்தநாகம், இரும்பு என்று பழைய உலோகங்களைப் பிரித்தவர். கம்பெனிச் சங்கு பழுதானால் அத்தையைக் கத்தச் சொல்லலாம் என்பேன். செருப்பு பறந்து வரும்.

எங்கள் தெருவுக்குப் பட்டா இல்லை. அதனால் கரண்டும் இல்லை. இரண்டாம் ஷிப்டு முடித்து வரும் பெண்கள் இருட்டில் தடவித்தான் வீடு சேர்ந்தார்கள். மனு கொடுத்துச் சலித்த அத்தை, போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுத் தெருமுனையில் பிளாஸ்டிக் டப்பாக்களை வரிசையாக வைத்தார். வாயில் வைக்க முடியாத எங்கள் போர் தண்ணீரில் இன்னும் உப்பைக் கரைத்து ஊற்றினார். ஒவ்வொன்றிலும் ஒரு செம்புத் தகடு, ஒரு துத்தநாகத் தகடு இறக்கிக் கம்பியால் கோத்தார். கழியில் கட்டிய குட்டி எல்இடி எரிந்தது.

"ரெண்டும் வேற வேறயா இருக்கறதாலதான்டா கரண்டு வருது."

"அப்போ நமக்கும் மெயின் ரோட்டுக்காரங்களுக்கும் இருக்கற வித்தியாசத்துல ஊருக்கே கரண்டு எடுக்கலாமே அத்த."

அன்று செருப்பு வரவில்லை. அத்தை சிரிக்கவும் இல்லை.

கரண்டு திருட்டு என்று யாரோ புகார் கொடுக்க, ஓர் அதிகாரி வந்தார். கொக்கியைத் தேடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனவர், டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து நின்றார்.

"எங்கேருந்தும்மா எடுக்குற?"

"எங்க போர் தண்ணியிலேருந்து. வேணும்னா தண்ணி மேல கேஸ் போட்டுக்கோ சார்."

கேஸ் போடவில்லை. அனுமதி இல்லாத விளக்கு என்று கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார். மறுநாளே அத்தை வேறு கம்பி கட்டினார். மறுபடி பிடுங்கினார்கள்.

"நான் கட்டிக்கினே இருப்பேன். அவங்களே சலிச்சிப்பாங்க" என்றார். அவர்களே சலித்தார்கள்.

துக்கத்துக்கு வந்த ஒரு பெரிய மனிதர், அத்தையே போய்விட்டதால் அந்த டப்பாக்களை எடுத்துவிடலாமே என்றார்.

சாயங்காலம் சவப்பெட்டி தெருமுனைக்கு வந்தபோது துத்தநாகம் கரைந்து விளக்கு மங்கியிருந்தது. அத்தையோடு வேலை பார்த்த பெண்கள் பெட்டியை இறக்கச் சொன்னார்கள். பாதிரியார் காத்திருந்தார், அந்தப் பெரிய மனிதரும் காத்திருந்தார். பெண்கள் பழைய தகடுகளை உருவி, புதியவற்றைச் செருகினார்கள். விளக்கு நன்றாக எரிந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கவிட்டார்கள்.

போய் வாருங்கள் அத்தை. நாளைக்கு டப்பாவில் தண்ணீர் மாற்றும் முறை என்னுடையது.