அம்புரோஸின் மீன்குழம்புக் கடை

மச்சான் வியாகுலத்தின் விறகுத்தொட்டியில் அம்புரோஸுக்குப் பல வருஷ உத்தியோகம். உத்தியோகம் என்று அவன்தான் சொல்லிக்கொண்டான். "தங்கச்சி புருசனாச்சே, தொரத்தவா முடியும்?" என்று வியாகுலம் யாரிடமோ சொன்னது ஒருநாள் நேராகக் காதில் விழுந்தது. அன்றே தராசை இறக்கி வைத்துவிட்டு, துறைமுகச் சுவரோரம் மீன்குழம்புச் சாப்பாட்டுக் கடை வைக்கப்போவதாக அறிவித்தான்.

"போ மாப்ளே. போன சுருக்குல கோடாலிய தேடிகினு வரத்தான் போறே," என்றான் வியாகுலம்.

அதற்குப் பிறகு பட்டினி கிடந்தாலும் கிடக்கலாம், திரும்பிப் போக முடியாது.

ராயபுரத்தில் பணம் கிடைப்பதுதான் கஷ்டம், யோசனை தெருவெங்கும் கிடைக்கும். ரிடையரான ரயில்வே கார்டு வால்டர், போர்டை இங்கிலீஷில் எழுதச் சொன்னார். "கப்பல்ல வர்ற தொரை படிக்க வாணாமா?"

"தொரை இன்னாத்துக்கு இந்தச் சந்துக்கு வர்றாரு?" என்றாள் அம்புரோஸின் மனைவி பிலோமினா. அவளை யாரும் கேட்கவில்லை.

தோல்மண்டி பக்ருதீன் பாய், "தோஸ்து, கல்லாவ வுட்டு எந்திரிக்காதே. மொதலாளி எந்திரிச்சா யாவாரமும் எந்திரிச்சிடும்," என்றார். நாள் குறித்தவர் வெற்றிலைக்கடை திருமலை. "புரட்டாசி சனிக்கெழமை. ராவுகாலம் தாண்டி, பத்தரைக்கு மேல. அத்த வுட நல்ல நாளு கெடையாது."

சனிக்கிழமை மாதாவின் நாள் ஆயிற்றே என்று அம்புரோஸும் பூரித்துப்போனான்.

பிலோமினா வஞ்சிரம் போட்டு ஒரு பெரிய சட்டி குழம்பு வைத்தாள். வாசம் துறைமுகச் சுவர் தாண்டிப் போயிற்று. கூலியாட்கள் கடையைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தனும் உள்ளே வரவில்லை. கடைசியில் நாலைந்து பேர், நெற்றி நிறைய நாமம், கையில் செம்போடு வாசலில் வந்து நின்றார்கள். ஆள் வந்த சந்தோஷத்தில் அம்புரோஸ், கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே கையை எட்டிக் கரண்டியை முக்கி, முதல் செம்புக்கு நேராக நீட்டினான்.

"கோவிந்தா!" என்று அவர்கள் அலறியபடி பின்னால் குதித்ததில் இங்கிலீஷ் போர்டு கீழே விழுந்தது.

பெருமாளுக்கு அரிசி வாங்க வந்தவர்கள். புரட்டாசிச் சனியன்று பாதி ஊர் கவிச்சி தொடாது. அம்புரோஸ் பிறந்தது முதல் பார்த்து வந்த சங்கதிதான். இத்தனை யோசனைகளுக்கு நடுவே அது மட்டும் மறந்துவிட்டது.

"இன்னா நைனா இப்பிடிப் பண்ட்டே?" என்று திருமலையிடம் ஓடினான்.

"நாளு கேட்டே, சொன்னேன். கொழம்ப பத்திக் கேட்டியா?"

சாயங்காலம் பிலோமினா வந்து பார்த்தால் அம்புரோஸ் கடைக் கொட்டகையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். "கோடாலிதான் போல கீது," என்றான்.

"கொழம்ப கொதிக்க வெச்சி எறக்கியாச்சி. நாளைக்கி இன்னும் ருசியா இருக்கும். இட்டிலிக்கு அரிசி ஊறப்போட்டுட்டேன். கம்முனு எந்திரிச்சி ஆட்டுக்கல்ல கழுவு," என்றாள் பிலோமினா.

ஞாயிற்றுக்கிழமையும் கப்பலில் சரக்கு இறங்கியது. முந்தின நாள் நாக்கைக் கட்டிப்போட்டிருந்த கூலியாட்கள் விடிந்ததும் விடியாததுமாக வந்து மொய்த்தார்கள். பூசை முடிந்து, மாப்பிள்ளையைக் கையோடு கூட்டிப்போக வந்த வியாகுலத்துக்கு உட்கார இடம் இல்லை. ஒருவன் எழுந்ததும் பாய்ந்து உட்கார்ந்தான். எட்டு இட்டிலி உள்ளே போன பிறகு வாய் திறந்தது.

"மாப்ளே, நான் சொல்றத கேளு. பெஞ்ச அந்தாண்ட போட்டு, அடுப்ப இந்தாண்ட..."

"கைய கழுவிகினு எந்திரி மச்சான்," என்றான் அம்புரோஸ். "பின்னால ஆளு நிக்கிது."