காணாமல் போன திருகாணி

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த மறுவாரம். மலேசியாவில், ஜொகூர் செனாயில், விமானம் பழுதுபார்க்கும் ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு வேலை. அங்கே பழைய விமானம் ஒன்று வந்திருந்தது. அண்டை நாட்டு விமானப்படையில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றது. முன்னும் பின்னுமாக இரண்டே இருக்கைகள். விசிறி மூக்கில் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால், வட்டமான ஒரு கூட்டுக்குள் சுழலும். விசிறிக்கும் கூட்டுச் சுவருக்கும் நடுவே விரல்கூட நுழையாது.

அந்தக் கூட்டுக்குள் தலையை விட்டுச் சோதிப்பது என் பொறுப்பு. அதற்கு முன் பேனா, மோதிரம், சில்லறை எல்லாவற்றையும் ஒரு தட்டில் கழற்றி வைத்துவிட வேண்டும். நான் தோட்டை மட்டும் கழற்றவில்லை. தீபாவளிக்கு மாமியார் ஆசையாக வாங்கித் தந்தது. மேலே பிளாஸ்திரி ஒட்டினால் போதாதா என்று ஒரு மேதாவித்தனம். சோதித்துவிட்டு, எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டேன்.

சோதனை ஓட்டத்துக்குக் கேப்டன் தனியாக ஏறி உட்கார்ந்தார். எங்கள் நாட்டு விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர். தற்செயலாக இடது காதைத் தொட்டேன். பிளாஸ்திரி வியர்வையில் கழன்று தொங்கியது. தோடு இருந்தது, திருகாணியைக் காணோம்!

அது விசிறியில் அடிபட்டால் மேலே போனவர் கதி? சொன்னால் என் வேலை போய்விடுமே? ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். பிறகு, நிறுத்தச் சொல்லி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே பிடித்துக்கொண்டு ஓடினேன். நல்லவேளை, அவர் என்ஜினை இன்னும் முடுக்கவில்லை.

"அலமாக்! என்னாச்சும்மா?" என்று பதறினார்.

"என் தோட்டுத் திருகாணியக் காணோம் கேப்டன். உள்ள விழுந்திருக்கும்."

சூப்பர்வைசர் டார்ச்சை எடுத்து என் கையில் திணித்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. டார்ச்சும் கண்ணாடியுமாக இரண்டு மணி நேரம் தேடினோம். கூட்டின் அடியில், தண்ணீர் வடியும் துளையோரம் கிடந்தது, மிளகு அளவுத் தங்கம். விசிறியை முதலில் இருந்து சோதித்து, மறுபடி கையெழுத்துப் போட்டேன்.

கேப்டன் தாளை வாங்கிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதானே?"

"சரிதான் கேப்டன்."

"பின்னால சீட்டு காலியா இருக்கு. வாங்க, போலாம்."

"இன்னும் ஒரே ஒரு தடவ விசிறியப் பாத்துட்டு வந்துடறேன்" என்றேன்.

"பாருங்க. நான் எங்கயும் போகல லா" என்று சிரித்தார்.

பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். கோத்தா திங்கிப் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு மேலே பறந்தோமாம். நான் எதையும் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் சுழன்ற விசிறிச் சத்தத்தையே கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். அவர் தனியாகப் பறக்க இருந்தபோது ஒரு தடவை பார்த்ததே போதும் என்று நினைத்த எனக்கு, நானும் ஏற வேண்டும் என்றதும் இன்னொரு தடவை பார்க்கத் தோன்றியதே, அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.