ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே ஒரு பியர்

போன கோடையில், பாரிஸிலிருந்து என் கணவரின் அண்ணா ரொறொன்ரோவுக்கு வந்திருந்தார். சகோதரர்கள் நேரில் பார்த்துப் பதினெட்டு வருடம். இடையில் அவர்களுடைய அப்பா ஊரில் இறந்தபோது அண்ணா போனார். அகதி வழக்கு முடியாததால் இவரால் போக முடியவில்லை. அந்த மனவருத்தம் இருவருக்குமிடையே ஆறவேயில்லை. வந்து மூன்று நாளாகியும் வெயிலையும் ட்ராஃபிக்கையும் தவிர இருவருக்கும் பேச்சில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிட்டவுள்ள பூங்காவுக்குப் போனோம். "ரொறொன்ரோ பார்க்குகளில இப்ப பியர் குடிக்கலாம்" என்று பெருமையடித்தவள் நான்தான். முதல் கேனைத் திறந்ததும் நகரசபைப் பெண் அதிகாரி ஒருவர் வந்து நின்றார். ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கேதான் ரொறொன்ரோவாம். நாங்கள் நின்றது வடக்கே, மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில்; அங்கே அனுமதியில்லை. அபராதம் எழுதப்போகிறார் என்றே நினைத்தேன். அவரோ திறந்ததை ஊற்றச் சொல்லிவிட்டு, தெற்கே அனுமதியுள்ள பூங்காவுக்குச் சிரித்தபடி வழி சொன்னார்.

"நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் எண்டு தெரியும். றோட்டுக்கு றோட்டும் மாறுமோ?" என்றார் அண்ணா. காருக்குள் எல்லோரும் சிரித்தோம்.

புதிய இடத்தில் அவர் ஆறுதலாக ஒரு சிகரெட் பற்றவைத்தார். பக்கத்து மேசைச் சீனப் பெண்மணி எழுந்து வந்து, பிள்ளைகளின் ஊஞ்சலைக் காட்டினார். இருபது மீற்றர் தள்ளித்தான் புகைக்கலாமாம். தானே காலடி எண்ணி நடந்து, ஒரு மேப்பிள் மரத்தடியைக் காட்டிவிட்டு வந்தார்! அண்ணா பள்ளிப் பிள்ளைபோலப் போய்த் தனியே நின்றார்.

சிகரெட்டே தொடாத என் கணவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பியரோடு எழுந்து போனார்.

நான் ஒரு தட்டில் மட்டன் றோல்ஸ் கொண்டு போனபோது அண்ணாவின் குரல் கேட்டது.

"அப்பா கோவிக்கேல்லையடா. படுக்கையில கிடக்கேக்கையும், உவனை அலைக்கழிக்காதேங்கோ, முதல்ல கனடாப் பேப்பர் கிடைக்கட்டும் எண்டுதான் சொன்னவர். நான்தான் கோவிச்சனான்."

"உதை இப்பவாவது சொன்னியளே, அண்ணை" என்று இவர் கண்ணைத் துடைத்தார். அடுத்த நிமிடம் ஏதோ பழைய கதைக்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாங்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கே போய்விட்டோம். சீனப் பெண்மணியும் வத்தகப்பழத்தோடு வந்து சேர்ந்துகொண்டார்.

ஒரு வீதியின் இரு பக்கமும் தெரியாமல் பெருமையடித்ததை நினைத்தால் இன்றும் வெட்கம்தான். ஆனால் அந்தப் பிழையைச் செய்திருக்காவிட்டால் அந்த மரத்தடி எங்களுக்குக் கிடைத்திருக்காது என்ற சந்தோசம் அதைவிடப் பெரிது.