மசுயா வீட்டு மாப்பிள்ளை

கியோட்டோவில் எங்கள் சந்தில் இசாபுரோவை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மசுயா வீட்டு மாப்பிள்ளை, அவ்வளவுதான். ஆண் வாரிசு இல்லாத பட்டறைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். வந்த அன்றே அவருடைய குடும்பப் பெயரும் மாறிப்போயிற்று.

இரும்பில் தங்கம் பதிக்கிற வேலை. தகட்டில் மயிரிழைக் கோடுகள் கீறி, தங்கக் கம்பியைத் தட்டி இறக்குவார். பிறகு இரும்பைத் துருவேற விட்டுத் தேயிலைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால், துரு அடங்கிக் கறுத்துவிடும். வெள்ளைக்காரர்களுக்குச் சிகரெட் பெட்டியானாலும் பொத்தானானாலும் ஃபூஜி மலை வேண்டும். இசாபுரோ அந்த மலையைப் பார்த்ததே இல்லை.

பிவா ஏரிக்கரையில், அவர் பிறந்த வீட்டில், அண்ணன் இறந்துபோனான். படகு சும்மா கிடந்தது, அம்மா தனியாக இருந்தாள். போகட்டுமா என்று மாமனாரிடம் கேட்டார் இசாபுரோ.

"இந்த வீட்டுப் பேரை வச்சுக்கிட்டு மீன் பிடிக்கப் போவீங்களா மாப்பிள்ளை?" என்றார் மாமனார். "வேலை தெரியாதவரா இருந்தா நானே அனுப்பி வச்சிருப்பேன்."

இசாபுரோ அதைப் பிடித்துக்கொண்டார். உதவாத மாப்பிள்ளையை உறவு முறித்துத் திருப்பி அனுப்புவது எங்களிடம் உண்டு. அடுத்த பெட்டியைத் தேயிலைத் தண்ணீரில் போடாமல், அப்படியே மெருகெண்ணெய் பூசி வைத்தார். மலைக்குப் பின்னால் துரு செக்கச்செவேலென்று பூத்திருந்தது.

"கொதிக்க வைக்க மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள் மனைவி நுயி.

"ஆமா."

"பொய் சொல்லவும் வரல உங்களுக்கு. நீங்க போயிட்டா நான் எங்க போறது, அந்த மலை மேலயா?"

மாமனார் பார்ப்பதற்குள் பெட்டி, வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரர் கைக்குப் போய்விட்டது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாயங்கால வானம்னு சொல்றாரு," என்றார் கூட வந்த துபாஷி. "இனிமே எல்லாமே இப்படித்தான் வேணுமாம்."

"அது துரு," என்றார் இசாபுரோ.

"வாயை மூடுங்க," என்று சிரித்த முகம் மாறாமல் முணுமுணுத்தார் மாமனார். "இந்தச் செவப்பு வேற எவனுக்கு வரும்?"

அன்று மாலை, வீட்டு வெந்நீர்த் தொட்டியில் எப்போதும் முதலில் குளிக்கும் மாமனார் ஒதுங்கி நின்றார். "மாப்பிள்ளை, நீங்க மொதல்ல இறங்குங்க."

மறுக்க முடியாத மரியாதை. இசாபுரோ கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்தார். வெளியே, தொட்டிக்குத் தீ எரிக்கும் அடுப்படியிலிருந்து நுயியின் குரல் வந்தது.

"சூடு போதுமா?"

"போதும்."

அவள் இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினாள்.