தூங்கும் எலியின் சிறுநீர்ப்பை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பூந்தமல்லி தாண்டி ஒரு பார்மசி கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். அரை மணிக்கு ஒருமுறை எனக்குச் சிறுநீர் முட்டும். கோவில்பதாகையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரவேண்டும் என்பதால் காலையில் தண்ணீரே குடிக்கமாட்டேன். அப்படியும் அடங்காது. "எல்லாம் பயம்டி" என்பார் அம்மா. நானும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றே நம்பியிருந்தேன். என் பரிசோதனையோ மூன்று மணி நேரம் நகராமல் பார்க்கவேண்டியது. முடியாவிட்டால் படிப்பை விட்டுவிடுவதாக முடிவே கட்டியிருந்தேன்.

மயக்கத்தில் கிடக்கும் எலியின் சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய குழாய் வழியே உப்புநீர் சொட்டும். பை நிறைந்ததும் தானாகச் சுருங்கும். அந்த அழுத்தம் ஊசியைத் தூக்க, புகை படிந்த தாள் சுற்றிய உருளையில் வெள்ளைக் கோடு மேடுகட்டி இறங்கும். எலிக்கு நினைவே இல்லை. ஆனாலும் சொல்லிவைத்தாற்போல் அடுத்த மேடு, அதற்கடுத்த மேடு. முதல்நாள் வாயடைத்துப் போனேன்.

பிறகு மருந்து. தசைச் செல்களின் சுவரில் பொட்டாசியம் வெளியேற நுண்ணிய வாசல்கள் உண்டு. அவற்றைத் திறந்துவிடும் மருந்தைக் கொடுத்ததும் தசை அமைதியானது. மேடுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. வாசலை அடைக்கும் மருந்தைக் கொடுத்தேன். எங்கள் தெருவில் பாதிப்பேர் சர்க்கரைக்கு விழுங்கும் அதே மருந்துதான். மேடுகள் பழையபடி நெருங்கி வந்தன. எனக்கு மெய்சிலிர்த்தது. கண்ணுக்கே தெரியாத வாசல், அதன் சொல்லுக்கு ஓர் உறுப்பே கட்டுப்படுகிறது.

இதற்கிடையே நான் ஐந்து முறை வெளியே ஓடியிருந்தேன். பதிவு நடக்கும்போது கரண்ட் போனாலும் கதவு ஆடினாலும் தாளில் குறிக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். புகை கலையாதிருக்கத் தாளை வார்னிஷில் நனைத்துக் காயவைத்த பிறகுதான் பார்த்தேன், மேடுகளுக்குக் கீழே ஐந்து இடத்தில் 'வெ' என்று இருந்தது. நான் வெளியே போனபோதெல்லாம் உருளையைப் பார்த்துக்கொண்ட லேப் அட்டெண்டரிடம் கேட்டேன்.

"நீ வெளிய போன டைமும்மா. கதவு தொறந்தா ஊசி ஆடுது இல்ல, அதான் கீறி வெச்சிகீறேன்."

இனி அழிக்கமுடியாது. பேராசிரியரிடம் அப்படியே காட்டவேண்டும். மானம் போயிற்று என்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே எலியின் மேடுகள், கீழே என் குறிகள். தூங்குகிற எலிக்குப் பஸ்ஸா, பரீட்சையா, பயம் ஏது? அதன் பை தன் வேலையைச் செய்தது. என்னுடையதும் அதைத்தான் செய்கிறது, கொஞ்சம் அவசரமாக. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு. அடுத்த தடவை எழுந்து போறப்ப கதவ மெதுவா சாத்து" என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இது பயம் இல்லம்மா. பைதான் அவசரப்படுது. டாக்டர்கிட்ட காட்டலாம்."

அம்மாவின் கை நின்றது.

"அப்ப நானும் பயந்தவ இல்லையாடி?" என்றார்.

சர்ச்சில் ஞாயிறு பூசையின்போது அவர் எப்போதும் கதவோரமே நின்றதை, அதுவரை நான் பக்தி என்று நினைத்திருந்தேன்.