புஷ்பா வீட்டுக் குளிர்காலம்

செய்தி வந்தபோது நான் பாசாரில் மீன்காரர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியில் மணியம், புஷ்பாவின் கணவர். போர்ட் கிள்ளானில் லோரிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் வேலையில் ஓய்வு பெறும்வரை இருந்தவர். லோரிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அவருடையது. அன்று மெதுவாகப் பேசினார்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"பாசார்ல. ஏன்?"

"ஒண்ணுமில்ல. வாங்க வேண்டியத வாங்கிட்டு மெதுவா வாங்க."

"புஷ்பாவுக்கு என்ன?"

"இனிமே அவசரம் இல்ல அக்கா. விடியகாலைல போயிட்டா."

மீன்காரர் வெட்டிச் சுத்தம் செய்த மீனைப் பையில் போட்டு நீட்டினார். வாங்கிக்கொண்டேன். புடவைக் கடைகள் கதவை ஏற்றிக்கொண்டிருந்தன. நேராக நடந்து வந்து லிஃப்டில் ஏறி, என் மாடியில் இறங்காமல் அவர்கள் மாடிக்குப் போனேன். என் கையில் மீன் இருந்ததே, மணியம் அதை வாங்கித் தன் வீட்டு ஐஸ்பெட்டியில் வைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன். யாரோ ஓர் அமைச்சரின் மனைவியைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. என்னைவிட இளையவள், 'அவள்' என்றே எழுதுகிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். லிஃப்டில் ஏறினால் எல்லோரிடமும் என்ன சமையல் என்று கேட்பாள். கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில் நின்றுகொண்டே சமையல்காரருக்கு உப்பு சரியில்லை என்று சொல்லி அனுப்புவாள். அந்தப் புஷ்பாவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது முழுதாக மூன்று பேருக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருத்தி போய்விட்டாள். மணியம் எழுதுகிறவர் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

என் கணவர் காலமான பிறகு பெரிய வீட்டை விட்டுவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் நம் அடுக்குமாடிக்குக் குடிவந்தேன். அந்த வருடக் கடைசியில் மழை விடாமல் பெய்தது. மேல்மாடி ஏர்கோனிலிருந்து தண்ணீர் என் பால்கனித் துணிகளின் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. இத்தனை மழையில் யார் ஏர்கோன் போடுகிறார்கள் என்று கேட்கத்தான் மேலே போனேன். கதவைத் திறந்தவள் கழுத்துவரை மூடிய சிவப்பு ஸ்வெட்டரும் காதை மறைக்கும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், முழங்காலுக்குக் கீழே தொங்கும் கறுப்புக் கோட்டில் ஒரு மனிதர் அவித்த கச்சான் கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கோம் அக்கா. குளிர்காலம்."

"கோலாலம்பூர்ல குளிர்காலம்னு ஒண்ணு கிடையாது. நாம இருக்கிறது பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல."

"கான்வென்ட்ல படிச்சீங்களா?"

"ஆமாம். அதுக்கென்ன?"

"அங்க அப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்க. எங்க வீட்டுல இருக்கு லா. உள்ள வாங்க, குளிர் வெளிய போகுது."

சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன். மறுநாளே மணியம் ஒரு குழாயைப் பொருத்தித் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார். அடுத்த ஞாயிறு புஷ்பா என் கதவைத் தட்டினாள். கையில் ஒரு சால்வை.

நான் வரவில்லை என்றேன். கணவனும் மனைவியும் உட்கார்ந்து விளையாடும் இடத்தில் தனியாக இருப்பவளுக்கு என்ன வேலை என்பது என் எண்ணம். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் பதில் சொன்னாள். "ரெண்டு பேரே இருந்தா சண்டைதான் அக்கா. மூணாவதா ஒரு ஆள் வேணும், நியாயம் சொல்ல. அதுவும் உங்கள மாதிரி மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆள்." யாராவது என் மேல் பரிதாபப்பட்டு அழைத்தால் நான் போவதில்லை. நியாயம் சொல்ல அழைத்தால் எப்படி மறுப்பது? போனேன். அதன்பிறகு ஒரு வருடமும் தவறியதில்லை.

இந்தக் குளிர்காலம் எங்கிருந்து வந்தது என்பதை அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். கல்யாணமான புதிதில் இருவரும் கேமரன் மலைக்குப் போயிருக்கிறார்கள். பேசும்போது வாயிலிருந்து புகை வந்ததாம். மணியத்துக்குச் சளி பிடித்து ஒரு நாள் முழுக்கப் போர்வைக்குள்ளேயே கிடந்தாராம். "அந்த ஒரு நாள்தான் இந்த மனுஷன் என் பக்கத்துலயே இருந்தாரு. மத்த நாளெல்லாம் லோரி, லோரி" என்பாள். திரும்பி வந்து போர்ட் கிள்ளானில் பஸ் கதவு திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. அவர்கள் குடியிருந்தது தகரக் கூரை வீடு. பஸ் படியில் நின்றபடியே அவள் சொல்லிவிட்டாள்: "நமக்குன்னு ஒரு வீடு வரட்டும். வருஷத்துல ஒரு மாசமாவது அதுல குளிர்காலம்." வீடு வருவதற்குள் மகள் சுமதி வளர்ந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டாள். அதனால் என்ன? குளிர்காலம் வந்தது.

டிசம்பர் முதல் ஞாயிறு தொடங்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சன்னல்களை அடைத்து ஏர்கோனை ஆகக் கூடிய குளிரில் வைப்பார்கள். விளக்கேற்றும் நேரம்வரை அது பனிநாடு. கம்பளி உடைகள் எல்லாம் கிள்ளான் பண்டல் கடையில் பொறுக்கியவை; வெளிநாட்டுப் பழைய துணிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் கடை அது. மணியத்தின் கோட்டுப் பையில் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் இருமல் மிட்டாய் ஒன்று இருந்தது. அதை அவர் எறியவில்லை. "அவருக்கு இருமல் வந்தா திரும்பி வருவாரு" என்பார். பீசாங் கோரேங் சூடாக வேண்டும் என்று புஷ்பா அவரைக் கீழே அனுப்புவாள். அவர் கோட்டைக் கழற்றாமலே போவார். வாழைப்பழம் பொரிக்கும் மலாய்க்கார அம்மாள் அவரைப் பார்த்து, "அங்கிள், டெமாம் கா?" என்று காய்ச்சலா என ஒவ்வொரு வருடமும் விசாரிப்பார். பொங்கலன்று காலை புஷ்பா சன்னல்களைத் திறந்துவிடுவாள். அதுவரை அந்த வீட்டுக்குள் 'வெக்கை' என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. சொன்னவர் பாத்திரம் கழுவ வேண்டும்.

ஆட்டம் கேரம். புஷ்பா ஏமாற்றுவாள். அதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. ஸ்வெட்டர் கையை இழுத்துவிடுவதுபோல் ஒரு காயை நகர்த்துவாள்.

"அக்கா, பாத்தீங்களா? நகத்துறா!" என்று மணியம் கத்துவார்.

"நகர்த்தினாள்" என்பேன் நான்.

"கான்வென்ட் அக்காவ நடுவரா வச்சது என் தப்பு. ஒரு பொம்பளைக்கு இன்னொரு பொம்பள உதவி செய்யக் கூடாதா?"

"செய்யலாம். காயை மொதல்ல பழைய இடத்துல வை."

வைப்பாள். வைக்கும்போது வேறு ஒன்றை நகர்த்துவாள். மணியம் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார். அவர் பார்த்தது எனக்குத் தெரியும். இல்லற வாழ்க்கையைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்கிறார்கள். அந்தக் கேரம் பலகையில் நான் பார்த்ததற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு அவளுடைய சிறுநீரகங்கள் பழுதாயின. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். டயாலிசிஸ் செய்யும் கூடத்தில் எப்போதும் குளிர் அதிகம். இரண்டு போர்வைக்குள் படுத்துக்கொண்டு, "இங்க தினம் குளிர்காலம்தான் அக்கா. பீசாங் கோரேங்தான் இல்ல" என்று சொல்லித் தாதியரைச் சிரிக்க வைப்பாள். ஆனால் குளிர் அங்கேயே நின்றுவிடவில்லை. அவளோடு வீட்டுக்கு வந்தது. நடுமதிய வெயிலில் காலுறை போட்டு உட்கார்ந்திருப்பாள். மணியம் வீட்டில் ஃபேன் போடுவதை நிறுத்திவிட்டு, காற்று வேண்டுமென்றால் வராந்தாவில் போய் நின்றுவிட்டு வருவார்.

சென்ற நவம்பர் கடைசியில் சுமதி என்னைக் கூப்பிட்டாள். அவள் அந்த வருடம்தான் வேலை மாற்றலாகிக் கனடாவுக்குப் போயிருந்தாள்.

"ஆன்டி, அம்மா உடம்புக்குக் குளிரே ஆகாது. ஆனா அப்பா ஏர்கோன் சர்வீஸ் பண்ண ஆள் கூப்பிட்டிருக்காரு. நான் சொன்னா சண்டை வருது. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

மேலே போனேன். இந்த வருடம் குளிர்காலம் வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். மணியம் தரையைப் பார்த்தார். புஷ்பா என்னோடு வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாதாடவில்லை.

"இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் நான் இருக்கணுமே அக்கா" என்றாள். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல்தான் சொன்னாள்.

ஆனாலும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. டிசம்பர் முதல் ஞாயிறு வந்தது, போனது. ஸ்வெட்டர்கள் பைக்குள்ளேயே இருந்தன. மழை மட்டும் வழக்கம்போல் பெய்தது. நான் என் வீட்டில் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அடுத்த சனிக்கிழமை இரவு புஷ்பா போனில் கூப்பிட்டாள். "அக்கா, மேல வாங்க. இப்பவே."

பதறிப்போய் ஓடினேன். அவள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் சுமதி. அவளுக்குப் பின்னால் சன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது. சுமதி அரைக்கைச் சட்டையில் இருந்தாள்.

"பாருங்க அக்கா இவள! வெளிய பனி கொட்டுது, இவ பாசாருக்குப் போற மாதிரி உக்காந்திருக்கா!"

"வீட்டுக்குள்ள ஹீட்டர் இருக்கும்மா. வெளியதான் குளிர். உள்ள கதகதன்னு இருக்கும்" என்றாள் சுமதி. "இங்க எல்லா வீடும் அப்படித்தான்."

புஷ்பா கணவர் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? இத்தன வருஷம் தலைகீழா செஞ்சிருக்கோம்!"

"என்ன தலைகீழ்?"

"குளிர் வெளிய இருக்கணும். நாம அத வீட்டுக்குள்ள விட்டுட்டு உக்காந்திருந்தோம்."

"அப்ப ஏர்கோன்?"

"எதுக்கு லா ஏர்கோன்? சன்னல மூடுங்க. அடுப்புல தண்ணி கொதிக்கட்டும். வெளிய மழை பெய்யுதுல்ல, அது போதும் குளிருக்கு."

சுமதி திரையில் வாயைத் திறந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சூட்டினால் அம்மாவுக்குக் கெடுதல் உண்டா என்று நான் யோசித்தேன். இல்லை. "சரி" என்றேன்.

மறுநாள் குளிர்காலம் திறந்தது. எல்லாச் சன்னல்களும் மூடியிருந்தன. அடுப்பில் இஞ்சி கொதித்தது. புஷ்பா சிவப்பு ஸ்வெட்டரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மணியத்துக்குக் கோட்டு தேவையில்லை என்று அவளே சொன்னாள். அவர் கேட்கவில்லை. "குளிர்காலத்துல கோட்டு இல்லாமயா?" என்று கடைசிப் பொத்தான்வரை போட்டுக்கொண்டார். நானும் போர்த்தியிருந்த சால்வையை எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் மணியத்தின் நெற்றியிலிருந்து வேர்வை கேரம் பலகையில் சொட்டியது.

"பனி உருகுது" என்றாள் புஷ்பா.

அவளுக்கு இஞ்சித் தேநீர் கால் தம்ளர்தான். அதற்கு மேல் மருத்துவர் அனுமதி இல்லை. கச்சானும் அளவுதான். தன் பங்கை என் பக்கம் தள்ளி, "நீங்க சாப்பிடுங்க, நான் பாக்கறேன்" என்றாள். என் முதுகில் புடவை ஒட்டிக்கொண்டிருந்தது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"எப்படி அக்கா இருக்கு?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் குளிர்தான்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் காய்கள் எல்லாம் கலைந்தன. "கான்வென்ட் அக்கா பொய் சொல்றாங்க! எழுதி வைங்க, எழுதி வைங்க!"

எழுதிவிட்டேன், புஷ்பா.

பொங்கல்வரை எல்லா ஞாயிறும் அப்படியே நடந்தது. பத்துமலைத் தைப்பூசக் கூட்டம் கலைந்து சில வாரங்களில் அவள் போய்விட்டாள். சுமதி வந்து எல்லாம் முறையாகச் செய்தாள். அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "அங்க உண்மையான குளிர்காலம்ப்பா" என்றாள். மணியம், "அவ இல்லாம அங்க வந்து நான் என்னத்த குளிர்றது?" என்றார். அவர் போவாரா இருப்பாரா என்று தெரியவில்லை. இருந்தால், அவருக்கு நியாயம் சொல்ல ஆள் இருக்கிறது.

அம்மாவின் துணிகளில் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சுமதி சொன்னாள். வேண்டாம் என்றேன். எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது வேறு. பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு, ஒரு காயை நகர்த்தப் போன அவள் கையை நான் பிடித்துவிட்டேன். பிடித்தபின் திடுக்கிட்டேன். டயாலிசிஸ் தொடங்கியதிலிருந்து ஈரத் துணிபோல் இருந்த கை அது. அன்று சூடாக இருந்தது, விரல் நுனிவரை. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை. நான் தொட்டுப் பேசுகிறவள் அல்ல. என் கணவர் போனபின் என் கையைப் பிடித்தபடி யாரும் உட்கார்ந்ததில்லை. வெளியே மழை இறங்கிக்கொண்டிருந்தது. "யாரோட ஆட்டம் இது?" என்று மணியம் கேட்டார். மறுபடியும் கேட்டார். நாங்கள் இருவரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.